சின்னப் பெட்டியின் பெரிய கணக்கு!

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை 2014-ம் ஆண்டு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பிறகு அந்த ஆலையை சால்காம்ப் கம்பெனி வாங்கியது. இப்போது அங்கே சார்ஜர்கள் தயாராகின்றன. அந்தச் சின்னப் பெட்டியின் கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழைய யு.எஸ்.பி. சார்ஜர் தருவது 5 வோல்ட்டு. வீட்டு வைபை பெட்டிக்கு வேண்டியதோ பெரும்பாலும் 12 வோல்ட்டு. மின்சாரம் போனால் பவர் பேங்க்கைக் கொண்டு அதை ஓட்ட முடியுமா?

முடியும். வோல்ட்டை உயர்த்தும் வயர் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்காது! 12 வோல்ட்டு, 1 ஆம்பியர் என்று வைபை பெட்டியில் போட்டிருந்தால், 12 வாட் வரை வேண்டும். 5 வோல்ட்டு, 2 ஆம்பியர் பவர் பேங்க் தருவது 10 வாட்தான். பத்துப் படி அரிசியில் பன்னிரண்டு படி அளக்க முடியுமா?

"பி.டி." என்ற புது முறை வேறு. கருவி கேட்கும்; சார்ஜர் கொடுக்கும். 5, 9, 15, 20 வோல்ட்டு என்று அளவுகள் உண்டு. 12 வோல்ட்டு எல்லாவற்றிலும் இராது. கேட்காத கருவிக்கு 5 வோல்ட்டுதான் போகும்.

ஆபத்து எங்கே? 12 வோல்ட்டு வயரை 5 வோல்ட்டு கருவியில் செருகினால் கருவி கருகிவிடும்! ஆகவே வயரில் அளவை எழுதி ஒட்டுங்கள். வாங்குமுன் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். காசு மிச்சம்!