பசை வாளியும் வெள்ளை விட்ட இடமும்

சுவத்துல சின்னம் எழுதப் போனதுதான் நான் அரசியலுக்குள்ள நுழைஞ்ச வாசல். வயசு பத்தொன்பது. திருப்புட்குழி சேரியில இருந்து ஏழெட்டுப் பசங்க. பகல்ல சிலருக்குத் தறிக் கூலி, சிலருக்குக் கழனி வேலை. ராத்திரியில சுண்ணாம்பு வாளி, பசை வாளி. பாலுசெட்டி சத்திரம் வரைக்கும் ஒரு சுவர் பாக்கி வைக்கல.

ஒன்றியத்துக்காரர் மோட்டார் சைக்கிள்ல வந்து நின்னு சொன்னார்: "சின்னத்தப் போடுங்கடா. பேர் எழுதற எடத்த வெள்ளையா வுட்டுடுங்க. மேல இருந்து வந்ததும் எழுதிக்கலாம்."

ராத்திரி வீட்டுக்கு வந்தா ஆயா கேக்குது: "ஆருக்குடா ஓட்டு கேட்டுகினு திரியிற?"

"இன்னும் சொல்லல ஆயா."

"ஆளே தெரியாமலா தொண்ட கிழியக் கூவுற?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட அன்னைக்குப் பதில் இல்லை. இன்று சொல்ல முடியும். வெள்ளை விட்ட அந்த இடத்தில் பேர் எழுதுவதுதான் உண்மையான தேர்தல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற சடங்கு. அந்த உண்மையான தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை. பசை வாளி மட்டும் உண்டு.

எங்கள் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, "பார், தமிழன் அன்றே ஜனநாயகம் கண்டான்" என்று மேடைக்கு மேடை மார் தட்டுகிறார்கள். கல்வெட்டை முழுக்கப் படித்தவர் எத்தனை பேர்? குடத்துக்குள் பேர் போக வேண்டுமென்றால் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமண சபையின் தேர்தல். ஓலையை எடுத்தது சின்னப் பையன், அதில் சூது இல்லைதான். சூது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. குடத்துக்குள் யார் பேர் போகலாம் என்று முடிவு செய்தவன் ஜெயித்துவிட்டான். வெளியில் நின்றவன் குடத்தை வனைந்திருக்கலாம், சுமந்திருக்கலாம். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸிலும் இதே கதை. அங்கே கட்சி வேட்பாளரைக் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முதனிலைத் தேர்தல் என்று பேர். அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிதான் எப்போதும் ஜெயித்தது. ஆகவே முதனிலையில் ஜெயித்தவன் ஜெயித்தவனே. 1923-ல் அந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பர் ஓட்டுப் போடக் கூடாதென்று சட்டமே போட்டார்கள். நீதிமன்றம் அதை அடித்ததும், கட்சி விதி என்ற பேரில் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார்கள். லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் வழக்குப் போட்டு, 1944-ல் உச்ச நீதிமன்றத்தில் அதை உடைத்தார். பொதுத் தேர்தலில் ஓட்டு இருக்கிறதே, அது போதுமென்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

இந்தியாவிலும் முதனிலைத் தேர்தல் சட்டமாக இருந்தது, அதுவும் நமக்காக. இதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப் புத்தகம் சொல்லிக் கொடுத்தது?

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போராடி வாங்கியது அது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம். மாகாண சபைகளில் 148 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. பதிலுக்குத் தனித்தொகுதி வாக்கு போனது. மிஞ்சியது முதனிலைத் தேர்தல். நம் வாக்காளர் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நாலு பேரில் ஒருவரை எல்லாச் சாதியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். பத்து வருஷத்துக்குத்தான் இந்த ஏற்பாடு.

டெக்சாஸ்காரன் கறுப்பனை முதல் கதவிலேயே நிறுத்தினான். இங்கே முதல் கதவைத் திறந்துவிட்டு இரண்டாம் கதவில் பூட்டுப் போட்டான். நாம் முதலிடத்தில் அனுப்பியவனை ஒதுக்கிவிட்டு, நாலாவதாக வந்தவனை அவர்கள் தூக்கிக்கொள்ளலாம். நாலு பேருக்கு மேல் போட்டியிட்டால்தான் முதனிலைத் தேர்தலே. அதனால் பல தொகுதிகளில் அது நடக்கவும் இல்லை. அந்த ஓட்டும் சொத்து, படிப்பு பார்த்துக் கொடுத்த ஓட்டு. காணி நிலம் இல்லாத எங்க தாத்தாவுக்கு ஏது?

1946 தேர்தலில் அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷனுக்கு நாடு முழுக்கக் கிடைத்தது இரண்டே இடம். முதனிலையில் நம் மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள் என அவர் கணக்குக் காட்டினார். கேட்க ஆளில்லை. தீண்டப்படாதவருக்கும் பிரதிநிதி காங்கிரஸே என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த அரைக் கதவும் போனது. இன்று தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதியில் 44 தனித்தொகுதி, 39 நாடாளுமன்றத் தொகுதியில் 7. காஞ்சிபுரமும் 2009-ல் இருந்து தனித்தொகுதி. அங்கெல்லாம் நிற்பவர் நம்மவர். நிறுத்துகிறவர் யார்? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு தலைமையின் பட்டியல். மாவட்டமும் ஒன்றியமும் காதில் ஓதுவதுதான் இன்றைய முதனிலைத் தேர்தல்.

நான் பேர் எழுதிய வேட்பாளரும் நம் சாதிதான். ஊர்த் தெருவில் பெரிய வீடுகளின் வாசலில் நின்றுகொண்டே பேசினார். எங்கள் தெருவில் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அவரை மட்டும் திட்டி என்ன பயன்? தன் பேரை யார் எழுதினார்களோ அவர்கள் வாசலில் அவர் நின்றார். சுவத்தில் எழுதியவன் நான். பட்டியலில் எழுதியது நான் இல்லையே!

பட்டியலுக்கு வெளியே நம்மவன் தலையெடுத்தால் என்ன நடக்கும்? மேலவளவு சொல்லும். தனித்தொகுதி ஊராட்சிக்குத் துணிந்து நின்று ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-ல் இருந்து பத்து வருஷம் தேர்தலை முடக்கினார்கள். நடந்தபோதும் ஆதிக்க சாதி நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. யாரை நிறுத்துவது என்ற உரிமைக்காகக் கொலையே செய்கிறான் என்றால் அதன் விலை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "கூட்டணி இல்லாம ஜெயிக்க முடியுமா? இந்த நேரத்துல கலகம் பண்ணா எதிரிக்குத்தானே லாபம்?" கூட்டணி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கூட்டணியில் இடம் வாங்குங்கள். அந்த இடத்தில் நிற்பவர் யாரென்று சேரியைக் கேளுங்கள் என்கிறேன். நம் விடுதலைக்கென்று எழுந்த இயக்கங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அங்கேயும் பட்டியல் மேலிருந்துதானே இறங்குகிறது? ராவெல்லாம் கொடி கட்டுகிறவனுக்கும், வீட்டுக்கு வீடு பூத் சிலிப் கொடுக்கிற நம் பெண்களுக்கும், வேட்பாளர் பேர் டி.வி.யில்தானே தெரிகிறது? ஆதிக்க சாதிக் கட்சி செய்தால் அநியாயம், நாம் செய்தால் கட்டுப்பாடா?

எங்க ஊர்ப் பேரே புள்ளின் குழி. அடுத்தவன் சண்டையில் சிறகு வெட்டுப்பட்டுச் செத்த ஜடாயுவுக்கு இங்கே ஈமக்கடன் நடந்ததாகத் தல புராணம். செத்த பிறகு மரியாதை கிடைத்தது, சரி. தேர்தல் தகராறில் மண்டை உடைந்து கிடக்கிற நம் பிள்ளைகளுக்கு அதுவும் கிடைப்பதில்லை. மாலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தேர்தல் வேலை செய்யாதே என்று நான் சொல்லமாட்டேன். வேலை செய்யத் தெரிந்தவன் கையில்தான் பலம் இருக்கிறது. ஒரு ராத்திரி நாம் வாளியைத் தூக்காவிட்டால் எத்தனை சுவர் வெறுமையாக நிற்கும் என்று கட்சிகளுக்குத் தெரியும். அந்தப் பலத்தை விலை பேசாமல் கொடுக்காதீர்கள். வேட்பு மனுவுக்கு முன்னால் தனித்தொகுதியின் ஒவ்வொரு சேரியிலும் கூட்டம் போடுங்கள். நிற்க விரும்புகிறவர் வந்து பேசட்டும். ஆணும் பெண்ணும் சீட்டில் பேர் எழுதிக் குடத்தில் போடட்டும். அதைச் சேரியிலேயே எல்லார் முன்னாலும் எண்ணுங்கள். கட்சி அதை ஏற்காமல் போகலாம். ஏற்காத கட்சிக்கு நம் தோளும் தொண்டையும் எதற்கு?

அடுத்த தடவை ஒன்றியத்துக்காரர் மோட்டார் சைக்கிள்ல வந்து, "பேர் எடத்த வெள்ளையா வுட்டுடுங்கடா" என்றால் பசங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: "பேரச் சொல்லுண்ணே. அதுவும் நாங்க போட்ட பேரச் சொல்லு. இல்லன்னா வாளிய நீயே எடுத்துகினு போ."