தேய்வது சக்கரம் – தெளிவது அறிவு!

"சக்கரத்தைத் தகரத்துலயா செஞ்சான், தம்பி?"

வில்லியனூர்ப் படிப்பகத்துத் திண்ணையில், பாகூர்ப் பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் பட்டதாரி அல்லர், பட்டறைக்காரர். நாற்பது ஆண்டுக் காலம் கட்டை வண்டிக்குச் சக்கரம் கட்டிய கை அவருடையது. தோழர் ஒருவர் கைப்பேசியில் காட்டிய படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். செவ்வாயில் ஓடும் அமெரிக்க ஊர்தியின் சக்கரம் அது. பொத்தலும் கிழிசலுமாக, ஏழையின் வேட்டிபோல் இருந்தது.

கூடியிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் நமக்கு உறைத்தது. அது சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. அந்த ஊர்தியைச் செய்த விஞ்ஞானிகளே நெற்றியைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி!

விவரம் சொல்கிறோம், கேளுங்கள் தோழர்களே!

கியூரியாசிட்டி என்பது அந்த ஊர்தியின் பெயர். 2012 ஆகஸ்டு மாதம் செவ்வாயில் இறங்கியது. எடை 899 கிலோ. சக்கரங்கள் ஆறு. ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் குறுக்களவு, 40 சென்டிமீட்டர் அகலம். அலுமினியத்தைக் கடைந்து செய்தவை. மண்ணைப் பற்றிக்கொள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் 24 வரிமேடுகள். அந்த மேடுகளுக்கு இடையே இருக்கும் தகட்டின் கனம் எவ்வளவு தெரியுமா? முக்கால் மில்லிமீட்டர்! ஓராண்டு ஓடியதும், 2013இல் பொத்தல்கள் கண்ணில் பட்டன. 2017 மார்ச்சில், பாரம் தாங்கும் வரிமேடுகளிலேயே இரண்டு முறிந்தது தெரிந்தது.

ஏன் அவ்வளவு மெலிதாகச் செய்தார்கள்? காசு இல்லாமலா? கருத்து இல்லாமலா? இரண்டும் அல்ல. கணக்கு!

அந்தக் கணக்கை நாமே போடலாம். ஒரு சக்கரத்தின் தகட்டை விரித்துப் போட்டால் பரப்பு ஏறத்தாழ 0.63 சதுர மீட்டர். முக்கால் மில்லிமீட்டர் அலுமினியம் என்றால் எடை ஒன்றேகால் கிலோ. கனத்தை இரட்டிப்பாக்கினால், ஆறு சக்கரத்துக்கும் சேர்த்துக் கூடுவது ஏழரைக் கிலோ. ஏழரை என்றதும் சனியை எண்ணி நடுங்குவோர் நடுங்கட்டும். இது சோதிடம் அல்ல, பெருக்கல் வாய்பாடு!

"ஏழரைக் கிலோதானே! மூட்டையிலே பாதிகூட இல்லையே!" என்று கேட்கத் தோன்றும். இங்கே ஏழரைக் கிலோ ஏழரைக் கிலோதான். அங்கே போகிற வழியெல்லாம் அது குட்டி போடும். அதைத் தூக்க எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள். அங்கே போனதும் விழாமல் இறக்க அதற்கேற்ற பலம். கியூரியாசிட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இறக்கினார்கள். தரையை முதலில் தொட்டது சக்கரம்தான். ஓடுகிற காலும் அதுவே, இறங்குகிற காலும் அதுவே! கனம் கூடக்கூட மோதலும் கூடும். எடை மிஞ்சினால் ஆராய்ச்சிக் கருவி ஒன்றை இங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டிவரலாம். ஆராயப் போகிறவன் கருவியை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் கொண்டுபோய் என்ன பயன்?

இதைச் சொல்லி முடித்தோம். பெரியவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "இரும்பைக் கூட்டினா மாட்டுக் கழுத்து தேயும். இரும்பைக் கொறச்சா பட்டை தேயும். எது தேயலாம், எது தேயக்கூடாதுன்னு முடிவு பண்றவன்தான் ஆசாரி."

தோழர்களே, ஏடு ஏடாக எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத நமக்கு வராது! மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். ஆனால் வண்டியைப் பார்த்தவர், வண்டிக்காரனிடம் பேசியவர் அல்லவா அதை எழுதியிருக்க முடியும்!

அப்படியானால் அமெரிக்கர் செய்தது பிழையே இல்லையா? பிழை உண்டு. ஆனால் அது தகட்டின் மெலிவில் தொடங்கவில்லை. தரையைப் பற்றிய நினைப்பில் தொடங்கியது. 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு சிறிய ஊர்திகள் செவ்வாயில் இறங்கின. ஆப்பர்சூனிட்டி 2018 வரை உழைத்து 45 கிலோமீட்டர் ஓடியது. அவை பார்த்தது பெரும்பாலும் மணலும், உருண்டோடும் கல்லும். கியூரியாசிட்டி இறங்கிய இடமோ வேறு. காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகச் சீவிக் கூராக்கிய கற்கள், பாறையோடு பாறையாகப் புதைந்து நின்றன. சக்கரம் ஏறினால் கல் நகராது, தகடுதான் கிழியும். அதிலும், முந்தைய ஊர்திகளைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பாரம். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களை அந்தக் கல்லின்மேல் தள்ளி அழுத்தும்.

"எந்த ஊரு மண்ணுன்னு கேக்காம சக்கரம் கட்டலாமா? சேத்துக்கு அகலம், சரளைக்குக் கனம்" என்றார் பெரியவர். பாகூர் ஏரிப் பாசன வயலில் இறங்கும் வண்டிக்கும், கல் பாவிய சாலையில் ஓடும் வண்டிக்கும் வேறு வேறு கணக்கு வைத்திருந்தவர் அவர்.

ஆனால் பிழை தெரிந்த பிறகு அந்த விஞ்ஞானிகள் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் நம் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். மூடி மறைத்தார்களா? இல்லை! கிழிந்த சக்கரத்தைப் படம் பிடித்து உலகம் பார்க்க வெளியிட்டார்கள். குறிப்பிட்ட தூரம் ஓடியதும் நிறுத்திச் சக்கரத்தைப் படம் எடுத்து, கிழிசலை அளந்தார்கள். கூர்ங்கல் நிறைந்த வழியை விட்டு மணல் வழியைத் தேடினார்கள். சில இடங்களில் பின்னோக்கியே ஓட்டினார்கள். ஒவ்வொரு சக்கரமும் கல்லுக்கேற்ற வேகத்தில் சுற்றும்படி 2017இல் புதிய ஆணைகளை இங்கிருந்தே அனுப்பினார்கள். பலன்? இரண்டாண்டுக் காலத்துக்கென்று போன ஊர்தி, பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தும் உழைத்தது. 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது!

அதோடு விட்டார்களா? 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவியரன்சு ஊர்திக்குச் சக்கரத்தையே மாற்றினார்கள். குறுக்களவு 52.5 சென்டிமீட்டர். அகலம் குறைவு. தகடு தடிப்பு. வரிமேடுகள் 24 அல்ல, 48. பழைய சக்கரத்தின் கிழிசல்தான் புதிய சக்கரத்துக்குப் பாடநூல்! குறையை ஒப்புக்கொண்டவன் திருத்திக்கொண்டான். குறையை மறைப்பவனோ அதே குழியில் அடுத்த வண்டியையும் இறக்குவான். இது செவ்வாய்க்கு மட்டும் பொருந்துகிற சேதியா, தோழர்களே?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

வில்லியனூரில் இரயில் ஏறினால் போய்ச் சேருகிற ஊர் விழுப்புரம். அந்த ஊர் இரயில்வே தொழிலாளியின் மகன் வீரமுத்துவேல். பட்டயப் படிப்பில் தொடங்கி, படிப்படியாக ஏறி, சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநரானவர். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனைப் பக்கம் இறங்கியது அந்தக் கலம். அதிலிருந்து உருண்டு வந்தது பிரக்யான் என்ற ஊர்தி. எடை 26 கிலோ. சக்கரம் ஆறு. வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பு முந்திக்கொண்டு போகும்!

இந்தச் சக்கரம் எப்படி? மெலிதுதான். அது பிழையா? அல்லவே அல்ல! பிரக்யானுக்குக் குறித்த ஆயுள் நிலவின் ஒரு பகல். நம் கணக்கில் 14 நாள். பகல் முடிந்தால் வரும் கடுங்குளிர், சக்கரம் தேயும் முன்னே கருவிகளை உறைய வைத்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. 100 மீட்டருக்குச் சற்று மேல் ஓடியபின் செப்டம்பர் தொடக்கத்தில் உறங்கவைத்தார்கள். பிறகு அது விழிக்கவில்லை. பத்து நாள் உழைப்புக்குப் பத்தாண்டுச் சக்கரம் பூட்டியிருந்தால் அது உறுதி அல்ல, ஊதாரித்தனம்!

தரையை அறிவதிலோ நம்மவர்கள் குறை வைக்கவில்லை. நிலவின் மேட்டு நிலத்தில் உள்ள அனார்தோசைட் என்னும் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் அறிஞர்கள் துணைநின்றார்கள். அந்தப் பாறையை இடித்துத் தூளாக்கி, டன் டன்னாகப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, ஊர்தியை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். நிலவில் காற்றில்லை, நீரில்லை. மண் துகள்களின் கூர் மழுங்குவதில்லை. அரம்போல் அராவும். அதற்கு ஒத்திகை, நம் நாமக்கல் மண்ணிலே! 2019இல் சந்திரயான்-2 இறங்கும்போது நொறுங்கியது. அப்போது அந்தச் சக்கரம் நிலவைத் தொடவே இல்லை. சோர்ந்தார்களா? திருத்தினார்கள்; தொட்டார்கள்!

தொட்ட பிறகும் தரை பாடம் சொல்லிற்று. பிரக்யானின் பின்சக்கரத்தில் அரசின் சின்னத்தைப் பொறித்து அனுப்பினார்கள். பதிவு எதிர்பார்த்த அளவு தெளிவாக விழவில்லை. ஏன்? மண் தூசியாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்தது. சின்னம் பதியாதது இழப்பு அல்ல. மண் எத்தகையது என்று தெரிந்ததே, அதுவே ஆதாயம்!

"பாகூர்ச் சாலையில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. நிலவில் வண்டி ஓட்டுவது எதற்கு?" என்று கேட்கும் தோழரும் உண்டு. அவரை நாம் கடிந்துகொள்ளமாட்டோம்; நியாயமான கேள்வி. நம் பதில் இதுதான்: நிலவுக்குப் போகிற வண்டிக்குத் தரையை ஆராய்ந்தாயே, நெல் ஏற்றிப் போகிற வண்டிக்கும் அதைச் செய் என்று கேட்போம். விண்வெளியில் கிழிசலை அளக்கிறாயே, வீதியில் குழியையும் அள என்று கேட்போம். விஞ்ஞானம் வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. அந்த ஒழுங்கு வீதிவரை வரவேண்டும் என்பதே நம் வழக்கு!

நம் நெஞ்சை உறுத்துவது வேறு ஒன்று. புறப்படும்போது பெரியவர் சொன்னார்: "பட்டறையை மூடிட்டேன், தம்பி. கட்டை வண்டி இல்ல. சக்கரம் கேக்க ஆள் இல்ல. எம் பேரன் கடைசல் பட்டறையில வேலை கத்துக்கிறான். கையில கரிதான் ஒட்டுது, இதுல என்ன பெருமைங்கிறான்."

கேட்டீர்களா? சக்கரம் தேய்ந்தால் வேறு சக்கரம் செய்யலாம். சக்கரம் செய்யும் அறிவு தேய்ந்தால்? குடமும் ஆரக்காலும் வட்டையும் பட்டையும் அறிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லாமல் போனால், எது தேயலாம், எது தேயக்கூடாது என்று முடிவு செய்யும் அந்தக் கணக்கும் அவர்களோடு போய்விடும்.

சந்திரயான்-5 திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது என்று 2025 மார்ச்சில் விண்வெளித் துறைத் தலைவர் நாராயணன் அறிவித்தார். சப்பானோடு சேர்ந்து செய்யும் முயற்சி. ஊர்தியின் எடை 250 கிலோ என்று அப்போது சொன்னார். பிரக்யானைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு! பாரம் கூடும், பழைய அளவு செல்லாது. கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். அதைப் போடக் கைகள் வேண்டாமா? அந்தக் கைகள் கரி படிந்த கைகளாக இருந்தால் கசக்குமா?

ஆகவே தோழர்களே, வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள நம் படிப்பகங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். கிழிந்த அந்தச் சக்கரத்தின் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றைச் சாத்தி வையுங்கள். பெரியவர்களை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கடைசல் பட்டறைப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதலில் அந்தப் பேரனைக் கூப்பிடுங்கள். விழுப்புரத்து இரயில்வே தொழிலாளி வீட்டிலிருந்து நிலவுக்கு வழி இருந்தது என்றால், பாகூர்ப் பட்டறைக்காரர் வீட்டிலிருந்தும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சக்கரம் தேயட்டும், அது ஓடியதற்கு அடையாளம். அறிவு தேயக்கூடாது, அது நாம் ஓய்ந்ததற்கு அடையாளம்!