பழுது எங்கே?

திருத்துறைப்பூண்டி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியைச் சேர்ந்தது. மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றின் வழியே பல கிளைகளாகப் பிரிந்து, முள்ளியாறு முதலிய ஆறுகளாலும் எண்ணற்ற வாய்க்கால்களாலும் இப்பகுதி வயல்களை அடைகின்றது. தம் வயலில் நீர் ஏறவில்லை என்றால், இங்குள்ள உழவர் என்ன செய்கின்றார்? 'நிலம் கெட்டுவிட்டது' என்று கூறி அதனை விற்கப் புறப்படுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பின்மேல் நடக்கின்றார். முதலில் தம் வயலின் மடையைப் பார்க்கின்றார். அது திறந்திருந்தால் வாய்க்காலைப் பார்க்கின்றார். வாய்க்காலிலும் நீர் இல்லையெனில் மதகு வரையில் செல்கின்றார். நீர் எவ்விடம் வரையில் வந்திருக்கின்றது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்று கண்டவுடன், அடைப்பு எங்கே என்பதும் விளங்கிவிடுகின்றது. அவ்வடைப்பு சில வேளைகளில் ஒரு கை ஆகாயத்தாமரையாகவே இருக்கும்.

இந்த அறிவு வயலுக்கு மட்டும் உரியது அன்று; பழுதுபட்ட எப்பொருளுக்கும் உரியது. இதனை எனக்கு உணர்த்தியவள் பதினொன்றாம் வகுப்பிற் படிக்கும் என் தம்பியின் மகள்.

எங்கள் வீட்டில் 2012ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி ஒன்று உண்டு. சென்ற கார்த்திகை மழையின்போது அது நோயுற்றது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். உள்ளே விசிறி சுழலும். திரையில் எழுத்துகள் தோன்றும். பிறகு, வேலை தொடங்கப்போகும் தறுவாயில், நீல நிறத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு மின்னல் போல் தோன்றி மறையும். உடனே பொறி தானே அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இவ்வாறு செக்குமாடு போல் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தீர்ப்பு வழங்கினோம். 'மின்சாரம் ஏறி இறங்கியதால் வந்த கேடு' என்றான் என் தம்பி. 'வைரஸ் புகுந்திருக்கும்' என்றார் பக்கத்து வீட்டார். பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் பொறியைத் திறந்துகூடப் பாராமல், "பழையது ஐயா; தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நானும் அதற்கு உடன்பட்டேன். அப்பொழுதுதான் அந்தப் பெண் ஒரு வினா எழுப்பினாள்: "பெரியப்பா, பொறி போனால் போகட்டும். தாத்தாவின் குரல் அதற்குள் இருக்கின்றதே, அதற்கு என்ன செய்வது?"

நான் திகைத்துப்போனேன். மறைந்த என் தந்தையார் தாம் பயிரிட்ட நெல்வகைகளைப்பற்றியும், பழைய வெள்ளங்களைப்பற்றியும், நாற்று நடும் காலத்து வழக்கங்களைப்பற்றியும் பேசியவற்றை அந்தக் கணிப்பொறியிலேதான் பதிவு செய்து வைத்திருந்தோம். வேறு படி எங்கும் இல்லை. ஐந்தாறு மணி நேரப் பேச்சு. விலை கொடுத்து வாங்க முடியாத செல்வம். அதனைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட இருந்தோம்!

"இனி யாரும் இதனை இயக்கிப் பார்க்க வேண்டா. உள்ளே இருப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்" என்றாள் அவள். மின் இணைப்பை நீக்கி, வன்தட்டை மட்டும் கழற்றி, தோழி ஒருத்தியின் கணிப்பொறியோடு அதனைக் கம்பியால் இணைத்தாள். தாத்தாவின் குரல் கேட்டது. அதனை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றொன்றை என் தமக்கையின் வீட்டிலும் வைத்தபின்னரே பழுதைத் தேடத் தொடங்கினாள். பழுது பார்ப்பதில் முதல் விதி இதுவே ஆகும். மீண்டும் பெற முடியாததை முதலில் காக்க வேண்டும். மீண்டும் வாங்கக் கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணிப்பொறி கண்விழிக்கும் முறையை அறிந்தால், அவள் பிறகு செய்தது எளிதில் விளங்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்பெட்டி அதனை 12, 5, 3.3 வோல்ட்டு என்னும் சிறிய அழுத்தங்களாக மாற்றி உறுப்புகளுக்கு அளிக்கின்றது. அடுத்து, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று விழித்தெழுந்து, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வன்தட்டு உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றது. ஏதேனும் ஒன்று விடை கூறாவிட்டால், பல பொறிகள் 'பீப்' என்ற ஒலியால் அதனை அறிவிக்கும். சோதனை முடிந்தபின், வன்தட்டில் உள்ள இயங்குதளம் சிறிது சிறிதாக நினைவகத்துக்கு வந்து சேர்கின்றது. இறுதியிலேதான் நாம் காணும் முகப்பு தோன்றுகின்றது.

ஆற்றிலிருந்து வயல் வரையில் நீர் வருவதைப் போன்றதே இதுவும். விளக்கே எரியவில்லை என்றால் அடைப்பு தலைமதகில், அதாவது மின்பெட்டியிலோ அதற்கு முன்னரோ இருக்கலாம். விளக்கு எரிந்தும் எழுத்துத் தோன்றாவிட்டால், நினைவகத்தையோ தாய்ப்பலகையையோ ஐயுற வேண்டும். எழுத்துத் தோன்றி, வன்தட்டைக் காணோம் என்று பொறியே கூறினால், தேட வேண்டிய இடம் வெளிப்படை. எங்கள் பொறியோ இயங்குதளம் வந்து சேரும் நேரத்தில் விழுந்தது. ஆகவே நினைவகம், வன்தட்டு, இயங்குதளக் கோப்புகள், மிகுந்த வெப்பம் ஆகிய நான்கில் ஒன்றே காரணமாக இருத்தல் கூடும். ஆயிரம் ஐயங்கள் நான்காகச் சுருங்கின.

அவள் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது என்றும், செய்ததையும் விளைந்ததையும் உடனே எழுதுவது என்றும் உறுதி செய்துகொண்டாள். பொறியின் நாட்காட்டி பல ஆண்டுகளுக்கு முற்பட்ட நாளைக் காட்டியது. தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்திருந்தது. அதனை மாற்றினாள், நாள் சரியாயிற்று, பொறி விழுவது நிற்கவில்லை. விசிறியில் அடைந்திருந்த தூசியையும் எறும்புப் புற்று மண்ணையும் தூரிகையால் நீக்கினாள், வெப்பம் குறைந்தது, பொறி விழுவது நிற்கவில்லை. மின்கலமும் தூசியும் உண்மையான குறைகளே. ஆயினும் அவை காரணங்கள் அல்ல. கண்ட குறை எல்லாம் காரணம் ஆகிவிடாது என்பதை இங்கே நாம் கருத வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், எது எதனால் வந்தது என்று யார் கூற முடியும்?

அடுத்து, பொறி தானே மீண்டும் தொடங்குவதைத் தடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, அந்த நீல அறிவிப்பைத் திரையில் நிற்கச் செய்து, அதனைப் படம் பிடித்துக்கொண்டாள். அது நினைவகத்தைச் சுட்டியது. எங்கள் பொறியில் 'ராம்' எனப்படும் நினைவகப் பட்டைகள் இரண்டு இருந்தன. முதற்பட்டையைத் தனியே வைத்தாள், பொறி விழுந்தது. அதன் தொடுமுனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்து வைத்தாள், மீண்டும் விழுந்தது. இரண்டாம் பட்டையைத் தனியே அதன் இடத்திலேயே வைத்தாள். பொறி நன்றாக இயங்கியது.

"போதுமம்மா, கண்டுபிடித்துவிட்டாய்" என்றான் என் தம்பி.

"இல்லை அப்பா. குற்றம் பட்டையுடையதா, அது செருகியிருந்த இடத்துடையதா என்று இன்னும் தெரியவில்லையே" என்றாள் அவள். பிறகு பட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். நல்ல பட்டை முதல் இடத்திலும் இயங்கியது. மற்றது இரண்டாம் இடத்திலும் வீழ்ந்தது. ஐயம் தீர்ந்தது. அதே வகையான பழைய பட்டை ஒன்றை வாங்கிச் செருகினோம். புதிய கணிப்பொறியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு தொகையே. பொறி இன்றும் இயங்குகின்றது.

நோய் இன்னது என்றும், அதன் காரணம் இன்னது என்றும், தீர்க்கும் வழி இன்னது என்றும் வரிசையாக ஆராய வேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் காட்டும் நெறி. உடலுக்குக் கூறிய அந்நெறி பொறிக்கும் பொருந்துவதைக் கண்டேன். உலகின் பெரிய கணிப்பொறிகளைக் கையாண்டோரும் இந்நெறியிலேயே சென்றனர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மார்க் 2 என்னும் கணிப்பொறி பிழைபட்டது. அதனை இயக்கியோர் உறுப்பு உறுப்பாகத் தேடிச் சென்றபோது, ஒரு ரிலேயில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அப்பூச்சியைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, செய்தியையும் எழுதி வைத்தனர். பழுதுக்குப் 'பூச்சி' என்று பெயர் கூறும் வழக்கம் அந்நாட்டுப் பொறியாளரிடையே முன்பே உண்டு. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது. அவர்கள் அந்தப் பெரிய பொறியைக் கைவிட்டனரா? இல்லை; பூச்சியை நீக்கினர்.

'பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதால் காலம் வீணாகும் அன்றோ?' என்று சிலர் கேட்கலாம். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. எல்லாப் பழுதும் தீர்க்கத்தக்கது அன்று. தாய்ப்பலகையே எரிந்துபோயிருந்தால் செலவு மிகும். எங்கள் பொறியில் இருந்த விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்துக்கு அதனை ஆக்கியோரின் பாதுகாப்பு உதவி 2020ஆம் ஆண்டு ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அத்தகைய பொறியில் வங்கிக் கணக்கைக் கையாளுதல் அறிவுடைமை ஆகாது. ஆகவே கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவிக்கொண்டோம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே. மின்பெட்டியை மட்டும் மாணவர் எவரும் திறத்தல் கூடாது. இணைப்பை நீக்கியபின்னும் அதனுள் உயிருக்குக் கேடு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும். தன் எல்லையை அறிதலும் அறிவே ஆகும். ஆராய்ந்தபின் 'இது ஆகாது' என்று விடுவது வேறு. ஆராயாமலே எறிவது வேறு. நான் மறுப்பது பின்னதை மட்டுமே.

எறிந்த பொருள் எங்கே போகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அதில் முறையாகச் சேகரித்து மறுபடி பயன்படுத்தியதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு அளவே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி குப்பைமேட்டில் கிடக்கின்றது. ஒரு பகுதி செம்புக்காக எரிக்கப்படுகின்றது. அவற்றில் உள்ள ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் நிலத்தில் வாழும் நாம் இதனை எளிதாகக் கருதுதல் தகுமா?

திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ள ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு முதல் பாரம்பரிய நெல் விதைத் திருவிழா நடைபெற்று வந்ததை நம் நாடு அறியும். 2018ஆம் ஆண்டில் மறைந்த நெல் ஜெயராமன், மறைந்துகொண்டிருந்த நெல்வகைகளைத் தேடிச் சேர்த்தார். உழவர் ஒருவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, விளைந்தபின் 4 கிலோவாகத் திரும்பப் பெறுவது அங்கே வழக்கம். ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை ஒரு வெள்ளத்தில் அழியும். பல வீடுகளில் இருக்கும் விதை அழியாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இப்பகுதியின் கூரைகளைப் பெயர்த்து வீசியபோது, ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்த பொருளின் நிலை என்ன என்பதை நேரில் கண்டோம். என் தந்தையாரின் குரல் இன்று இரண்டு ஊர்களில் இருக்கின்றது. விதைக்குப் பொருந்தும் அறம் நினைவுக்கும் பொருந்தும் போலும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. பழுது நேர்ந்தவுடன் தீர்ப்புக் கூற விரையும் நாவை அடக்கி, அரியதை முதலில் காத்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கண்டதை எழுதி வைப்பவரிடம் பழுது தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் கடைசி வரியாக அன்றைய நாளும், 'முதற்பட்டை பழுது. இடம் நல்லது' என்னும் சொற்களும் உள்ளன. அதற்கு மேல் ஒரு வரியும் அவள் எழுதவில்லை. வயலுக்கு நீர் ஏறியபின், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பும் உழவரும் அதிகம் பேசுவதில்லை.