மேல்முறையீடு யாருக்கு?

ஓமலூர் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொன்ற வழக்கில், 2022இல் ஆயுள் தண்டனை பெற்ற யுவராஜ் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். 2023இல் தண்டனை உறுதியானது. அவர் மேல்முறையீடு செய்ததில் எனக்குப் புகாரில்லை. அது உரிமை.

அதே சேலத்தில், திருட்டு வழக்கில் பிணையெடுக்க ஆளில்லாமல் சிறையில் கிடக்கும் சேரி இளைஞனிடம் என்ன சொல்வார்கள்? "ஒத்துக்கொள், சீக்கிரம் வெளியே போகலாம்." 2006 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைப் பேரம் இது. அதில் வந்த தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 295ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மிச்சமிருப்பவை உயர்நீதிமன்ற ரிட்டும் உச்சநீதிமன்றச் சிறப்பு அனுமதி மனுவும்தான். பிணைக்கே வழியற்றவன் டெல்லிக்கா போவான்?

ஆனாலும் தோழர்களே, ஒரு பிடி உண்டு. விரும்பித்தான் பேரம் கேட்கிறானா என்று நீதிபதி அவனைத் தனியே விசாரித்தாக வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த விசாரணைப் பதிவைத்தான்.