போட்டோவுக்கும் வேண்டும் மொய் நோட்டு!

எழுமலைப் பக்கம் காதணி விழா என்றால் வாசலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்து விடுவார். கையில் மொய் நோட்டு!

ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. ஒன்றும் விடுபடாது. இருபது ஆண்டு கழித்துக் கேட்டாலும், "இன்னார் இவ்வளவு செய்தார்" என்று நோட்டைப் புரட்டிச் சொல்லி விடுவார்கள்.

அதே விழாவில் எடுத்த போட்டோக்கள் எங்கே?

போட்டோக்காரர் பென் டிரைவில் கொடுத்தார். மகன் கம்ப்யூட்டரில் ஏற்றினான். "நியூ போல்டர் 3" என்ற பெயரில் ஆயிரம் படங்கள் கிடக்கின்றன. ஒரு படத்தின் பெயர் "ஐ.எம்.ஜி. 4127". அதில் நிற்பவர் தாய்மாமனா, பந்தல்காரரா? யாருக்குத் தெரியும்!

500 ரூபாய்க்குக் கணக்கு வைத்திருக்கிறோம். பெற்றவர் முகத்துக்குக் கணக்கு இல்லை. இது சரியா?

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-ம் ஆண்டு முதல் தென்னாட்டுக் கோவில்களைப் படம் எடுத்துச் சேர்த்தது. லட்சத்துக்கு மேல் படங்கள்! எந்த ஊர், எந்தக் கோவில் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அவை வெறும் கல்தூண்கள்தானே? வீட்டுப் படத்துக்கும் அதே கதிதான்.

வேலை பெரிதல்ல. போல்டர் என்பது பீரோவில் உள்ள இழுப்பறை மாதிரி. விழாவுக்கு ஒன்று போதும். பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: "2024-06-15 காதணி". ஏன் ஆண்டு முதலில்? கம்ப்யூட்டர் இடது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடுக்கும். தேதியை முதலில் போட்டால், எல்லா ஆண்டுகளின் 15-ந் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும்! தமிழிலேயே எழுதலாம். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கித்தான் வருகிறது. எடுத்த நாள், நேரம் படத்துக்குள் மறைவாகப் பதிந்திருக்கும். அதுவும் போய் விடுகிறது. "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

முன்பு கரையானுக்குப் பயந்தோம். இப்போது ஹார்டு டிஸ்க் ஒரு நாள் திடீரென்று நின்று விடும். ஆகவே இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். திருப்பூரில் மகள் இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் பேரன் பார்த்துக்கொள்வான். ஆனால் பழைய முகங்களுக்குப் பெயர் சொல்ல அவனால் முடியாது. செல்போன் ஒரே முகத்தை ஆயிரம் படங்களில் தேடிச் சேர்த்துக் கொடுக்கும். அவர் அத்தையா, சின்னம்மாவா என்று அதற்கும் தெரியாது.

தெரிந்த பாட்டி திண்ணையில் இருக்கிறார். இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பெயரை எழுதுங்கள்.

வெற்றிலைப் பெட்டியும் அருகில் இருக்கட்டும். நேரம் ஆகும்!