போர்டிங் என்பது ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டுமா?
சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் நாய்களைத் தங்கவைப்பது குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பின்னங்கால் வராத நாய், கண் தெரியாத நாய், ஃபிட்ஸ் வரும் நாய், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நாய். இவற்றை வளர்ப்பவர் நாலு நாள் வீட்டில் இருக்க முடியாமல் போனால் நாயை எங்கே விடுவது? வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், சர்மா நகர், எருக்கஞ்சேரிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களும் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். இந்தக் கேள்வி எங்களிடம் ஓயாமல் வருகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்படிப்பட்ட நாய்க்கு முதல் இடம் அதன் வீடுதான். நாய்க்குப் பழக்கமான, கைவேலை தெரிந்த ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு அங்கேயே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், நாய் போகிற இடம் கால்நடை மருத்துவரின் பார்வையில் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் வடசென்னையில் அரசின் பொறுப்பில் அமைய வேண்டும். இரண்டும் இல்லாமல், சாதாரணப் போர்டிங்கில் "பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிட்டு வருவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

போர்டிங் என்றாலே கோடை விடுமுறை, கொடைக்கானல், விமான டிக்கெட் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போர்டிங் நடத்துகிறவர்களின் ஏற்பாடும் அதற்கேற்றதுதான்: முன்பதிவு, முன்பணம், முதலில் ஒருநாள் வந்து பழக்கிவிட்டுப் போவது. எங்கள் பகுதியில் நாயை விட்டுப் போகிறவர் டூர் போகிறவர் அல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு வலி எடுத்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊரில் ஒரு சாவு. இரவு பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இதற்கெல்லாம் யார் முன்பதிவு செய்துவைக்க முடியும்? புல்தரையும் நீச்சல்தொட்டியுமாக விளம்பரம் வருகிற இடங்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கின்றன. படுத்த நாயை ஏற்றிக்கொண்டு அங்கே போக ஓர் ஆட்டோ பிடித்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் துறைமுகத்தில் சுமை வேலை பார்ப்பவர். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் லாரி அடித்துக் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தார். இடுப்புக்குக் கீழே அதற்கு உணர்ச்சி இல்லை. மனைவிக்கு ஆபரேஷன் என்று ஆனபோது அவர் போன் செய்த இடங்களில் ஒன்றில், "படுத்தே இருக்கிற நாயா? எடுக்கிறதில்ல சார்" என்றார்கள். இன்னொன்றில், "டயப்பர் போட்டு விட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். எங்களைக் கேட்டால் முதலில் பேசியவர்தான் நல்லவர். முடியாததை முடியாது என்று சொல்பவரைத் திட்டுவதை நாய் வளர்ப்பவர்கள் நிறுத்த வேண்டும். பயப்பட வேண்டியது எதற்கும் சரி என்று சொல்பவரைப் பார்த்துத்தான்.

காரணம் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் தானாக முழுதாக வெளியேறாது. பை நிரம்பி வழிவதைத்தான் டயப்பர் உறிஞ்சுகிறது. உள்ளே பை நிறைந்தே நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். நாயை முட்டிக்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பின்தொடைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துத் தேடினால், தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதைக் கிள்ளாமல், குத்தாமல், மெதுவாகப் பின்பக்கம் நோக்கி அழுத்த வேண்டும். விரல் நுனியால் செய்யக் கூடாது, அவசரப்படவும் கூடாது. கீழே விரித்த பழைய பேப்பரில் விழுவது கலங்கலாக இருந்தாலோ நாற்றம் மாறினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். படுக்கையை மாற்ற வேண்டும். இடுப்பெலும்பு தரையில் உராயும் இடத்தில் புண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். இதை ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். எங்கள் தெருக்களில் கற்றுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். இருபது நாய்க்கு ஒரே பையனை வேலைக்கு வைத்திருக்கிற இடத்தில் இது நடக்காது.

சர்க்கரை நோய்க்கான ஊசி இன்னும் நுணுக்கம். இன்சுலின் மருந்தில் 40 யூனிட் வகை, 100 யூனிட் வகை என்று இரண்டு புழங்குகின்றன. அதற்கேற்ப ஊசியும் இரண்டு: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 வகை மருந்தை சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. நாய் தள்ளாடும், விழும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். மருந்துப் பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு, "ஊசி மெடிக்கல்ல வாங்கிக்குங்க" என்று சொல்லிப் போகிற உரிமையாளர் உண்டு. கூடாது. மருந்தும் ஊசியும் ஒரே பெட்டியில் ஜோடியாகப் போக வேண்டும். நாய் சாப்பிடாமல் இருந்தால் வழக்கமான அளவைக் குத்தாமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். தள்ளாட ஆரம்பித்தால் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வந்து பார்த்துக்கொள்பவருக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிட்ஸுக்குப் பினோபார்பிட்டோன் சாப்பிடும் நாய்க்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை மெடிக்கலில் தர மாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவு மாத்திரை தீர்ந்தால் அது மாத்திரைப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கிற வலிப்பும், ஒரே நாளில் திரும்பத் திரும்ப வருகிற வலிப்பும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியவை. வலிப்பு வரும் நேரம் ராத்திரியாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நாய்களோடு ஆள் படுக்கிறாரா, கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாரா? போர்டிங்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மதியம் அனுப்புகிற வாட்ஸப் போட்டோ எதையும் நிரூபிக்காது.

"கூண்டே கிடையாது, எல்லா நாயும் ஒன்றாக ஓடி விளையாடும்" என்பது இப்போது பெரிய விளம்பரம். திடமான இளம் நாய்க்கு அது நல்லதுதான். கண் தெரியாத நாய்க்கோ, வலிப்பு வருகிற நாய்க்கோ அது ஆபத்து. கண் தெரியாத நாய் தன் வீட்டைக் காலடிக் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறது; தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு முழம் நகர்த்தினாலே தடுமாறும். வலிப்பில் துடிக்கும் நாயைக் கூட இருக்கும் நாய்கள் பாய்ந்து கடிப்பதும் உண்டு. இவற்றுக்குத் தனி அறை வேண்டும். கூண்டு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். டிஸ்டெம்பரிலிருந்து பிழைத்து உடல் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருக்கும் நாய்கள் எங்கள் பகுதியில் உண்டு. குணமான பிறகும் சில மாதங்கள் வரை கிருமி வெளியேறலாம் என்பதால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவற்றை மற்ற நாய்களோடு விடக் கூடாது.

உரிமையாளர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயத்தில் ஃபிட்ஸ் வருவதை மறைத்து விட்டுவிட்டுப் போகிறார்கள். கடிக்கிற நாயை "ரொம்ப சாது" என்கிறார்கள். இது நாய்க்கும் துரோகம், பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் துரோகம். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள எங்கள் சங்கத்தின் மூலம் ஆள் கேட்பவர்கள் மருந்து, நேரம், அளவு, கடைசியாக வலிப்பு வந்த தேதி, சாப்பிடாவிட்டால் என்ன செய்வது, எந்த டாக்டர், எவ்வளவு செலவு வரை கேட்காமலே செய்யலாம் என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராதவர்களுக்கு ஆள் அனுப்ப மாட்டோம்.

சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் வருகிறது? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017லும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018லும் விதிகள் வந்தன. அவை விற்பனையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நோயாளி நாயை நாலு நாள் வைத்துப் பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற எங்கள் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. இங்கிலாந்தில் 2018 முதல், வீட்டில் வைத்துத் தொழிலாக நாய் பார்த்துக்கொள்பவர்கூட உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து நட்சத்திரம் கொடுப்பார். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. உரிமம் என்ற பெயரில் எங்கள் தெருப் பெண்களை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டால் இருப்பதும் போய்விடும். வணிகமாக நடத்துபவர்களுக்கு மூன்று கட்டாயம் போதும்: இரவில் ஆள், பெயர் சொல்லக்கூடிய ஒரு மருத்துவர், எத்தனை நாய்க்கு எத்தனை ஆள் என்பதை வாசலில் எழுதி வைப்பது.

சென்னை மாநகராட்சி 2025இல் செல்லப்பிராணி உரிமத்தைக் கடுமையாக்கியது. மைக்ரோசிப் பொருத்த வேண்டும், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. நாங்கள் இதை எதிர்க்கவில்லை; எங்கள் உறுப்பினர்களை வரிசையில் நிற்கவைத்தோம். பணமும் விவரமும் வாங்குகிற மாநகராட்சி, உரிமப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கட்டும்: இந்த நாய்க்கு ஊனமோ நாள்பட்ட நோயோ உண்டா? உண்டென்றால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத நாய் கிடக்கிறது என்று அப்போதாவது தெரியும்.

வெள்ளம் எங்களுக்குக் கற்பனை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் எங்களுக்கு ஒரு பக்க வழியே அடைபடும். பள்ளிக்கூடத்திலும் சமூகக்கூடத்திலும் முகாம் போட்டால் நாயோடு வந்தவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். நாயை விட்டு வர மனமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலில் இதே காரணத்துக்காகப் பலர் வீட்டை விட்டு வர மறுத்தார்கள். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எங்கள் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு முகாமிலும் மாடிப்படியை ஒட்டியோ சைக்கிள் ஷெட்டிலோ ஓர் இடம், கட்டிவைக்கச் சங்கிலி, வாரத்தில் ஒருநாளாவது ஒரு கால்நடை மருத்துவர். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் இது பேசப்பட வேண்டும்.

முதலில் சொன்ன, கால்நடை மருத்துவரின் பார்வையில் இருக்கும் போர்டிங்குக்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வந்துவிடும். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில், எங்களுக்கு அந்தப் பக்கம். நாடு முழுக்க டாக்டர்களை அனுப்புகிற இரண்டு வளாகங்களுக்கு நடுவில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவற்றில் ஒன்றில் பத்துப் பதினைந்து தனி அறைகள், ரேஷன் அட்டை வைத்திருப்பவருக்குக் குறைந்த கட்டணம், மற்றவர்களுக்கு முழுக் கட்டணம். இலவசம் கேட்கவில்லை. கூடவே, எங்கள் பகுதிப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இரண்டு வாரப் பயிற்சியும் சான்றிதழும். ஊசி போடுவது, சிறுநீர் எடுப்பது, புண் கழுவுவது, எப்போது தன் கையை மீறிப் போகிறது என்று தெரிந்துகொள்வது. முதியோரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்புகிற தொழில் இந்த ஊரில் வளர்ந்துவிட்டது. இதுவும் தொழில்தான், கூலி கொடுக்க வேண்டிய தொழில். "உங்களுக்கு நாய்ன்னா உசுருதானே, சும்மா பார்த்துக்குங்க" என்று எங்கள் பெண்களிடம் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"மனுஷனுக்கே படுக்க இடமில்லாத ஏரியாவில் நாய்க்கு அறையா?" என்ற கேள்வி வரும். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அங்கேதான் இருக்கிறோம். நாய்க்கு ஆள் இல்லாததால் தன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். இதை மனிதர்களின் சுகாதாரப் பிரச்சினையாகவும் பாருங்கள் என்கிறோம்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்காக நாய்க்கு ஊசி போட்டு முடித்துவிடச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. தீராத வலியில் கிடக்கும் நாய்க்கு மருத்துவர் எடுக்கும் முடிவு வேறு; அதில் நாங்கள் குறுக்கே வர மாட்டோம். இடமில்லாமை நோயல்ல.

கடிக்கிற நாய் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அடிபட்டு, வலியில், அந்நியர் கையைப் பார்த்தாலே பாய்கிற நாய்களுக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. நம் ஆளின் கைக்கு யார் பொறுப்பு என்பது மறு சாரார் கேள்வி. அடுத்த பொதுக்குழு முடிவு செய்யும்வரை, அப்படிப்பட்ட நாய்களுக்கு வாய்ப்பூட்டு பழக்கப்பட்டிருந்தால் மட்டும், வெறிநாய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டவர்களை மட்டும், இரண்டு பேராகத்தான் அனுப்புவோம்.