ஐவிக்கொடியும் அறிவியல் நகரும்

ஆர்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டு அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களை 'ஐவி லீக்' என்னும் ஒரே பெயரால் உலகம் போற்றுகின்றது. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே தலைவணங்கும் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அது ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பின் பெயரென அறிவர்? 1954இல் இவ்வெட்டும் தம்முட் செய்துகொண்ட போட்டி உடன்பாடே அதன் முறையான தோற்றம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் அதில் இல்லை, ஸ்ரான்போர்ட்டும் இல்லை. அதனால் அவற்றின் அறிவு குன்றிவிட்டதா?

பெயர் புகழடைந்ததும் அதன் நிழலில் ஒதுங்க ஏனையோர் முண்டியடித்தனர். சிறிய கல்லூரிகள் சில 'சின்ன ஐவி' ஆயின. 1985இல் ரிச்சர்ட் மோல் என்பார் அரச பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்குப் 'பொது ஐவி' எனப் பெயரிட்டார். மகளிர் கல்லூரிகள் ஏழு 'ஏழு சகோதரிகள்' எனப்பட்டன. இவ்வேழும் ஏன் தேவைப்பட்டன என்பதையே கேட்கவேண்டும். புகழ்பெற்ற ஆடவர் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. கொலம்பியாக் கல்லூரி அவர்களைச் சேர்த்துக்கொண்டது 1983இலேதான். யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதைக் கொண்டு பெருமை அளக்கப்பட்டது.

இந்நோய் வடபுலத்திற்கும் புதிதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டம் 'வடக்கின் பெருஞ்சமர்' ஆயிற்று. ஆட்டத்திற் குறையில்லை. மைதானத்தில் விளைந்த பெருமை வகுப்பறைக்கும் அளவுகோலாவதே கேடு. அந்த அளவுகோலை நம்பியே வன்னிப் பெற்றோர் 'பெரிய பாடசாலை' தேடிப் பிள்ளையை ஆனையிறவுக்கு அப்பால் அனுப்புகின்றனர்.

பல்கலைக்கழக மட்டத்திலும் இதே கதைதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. 1997இல் வளாகமான வவுனியா, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இருந்தும் அங்கு இடம்பெற்ற மாணவரைப் பார்த்து, "பேராதனை கிடைக்கவில்லையோ?" என இரங்குவோர் பலர். அந்த இரக்கம் ஏளனத்தின் மறுபெயர்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டுக்கு உரியன. 'ஒதுக்கீட்டால் வந்தவர்' என்று முணுமுணுப்போர், 2009 வரை நீடித்த போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஆய்வுகூடத்தைக் காணாமலே இரசாயனவியல் படித்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைப்பர்? வவுனியாவை எடைபோட விரும்புவோர் அதன் நூலகத்தை எண்ணட்டும். விரிவுரையாளர் வெற்றிடங்களை எண்ணட்டும். அவற்றை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்று மானிய ஆணைக்குழுவிடம் கேட்கட்டும்.